தமிழ் எழுத்தில் ஆங்கில உச்சரிப்பை எழுதிப் படிக்காதீர்கள்

ஆங்கிலம் கற்கத் தொடங்குபவர்கள் செய்யும் முதல் தவறு, புத்தக ஓரத்தில் உச்சரிப்பைத் தமிழில் குறித்து வைத்துக்கொள்வது. 'பேக்' என்று எழுதிப் பாருங்கள். தோளில் மாட்டும் பை, முதுகு, சாமான்களைக் கட்டுவது, அடுப்பில் ரொட்டி சுடுவது ஆகிய நான்குக்கும் உரிய ஆங்கிலச் சொற்கள் தமிழில் இந்த ஒரே வடிவத்தில் வந்து நிற்கும். ஆங்கிலம் பேசுபவர் காதுக்கு அவை நான்கும் வெவ்வேறு சொற்கள். இதற்காகத் தமிழ் எழுத்தைக் குறை சொல்வது தவறு. 'பல்' என்பதில் ஒரு விதமாகவும் 'கம்பம்' என்பதில் வேறு விதமாகவும் பகரம் ஒலிக்கிறது. எங்கே எப்படி என்பதைச் சொல்லில் அது நிற்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. ஆகவே தமிழுக்கு இரண்டு எழுத்து தேவைப்படவில்லை. ஆங்கிலத்தில் இரண்டு ஒலிகளும் சொல்லின் முதலிலும் வரும், கடையிலும் வரும். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வந்தால் பொருளே மாறும்.

இதைக் கையால் தொட்டே சோதிக்கலாம். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை உதட்டுக்கு முன்னால் பிடித்து 'பல்' என்று சொல்லுங்கள். காகிதம் ஏறக்குறைய அசையாது. பேனாவுக்கான ஆங்கிலச் சொல்லைச் சொல்லும்போது அது துள்ள வேண்டும். சொல்லின் முதலில் வரும் வல்லொலிகளோடு ஆங்கிலத்தில் மூச்சுக்காற்றும் சேர்ந்து வெளியேறுகிறது. அந்தக் காற்று இல்லாமல் மேலங்கியைக் குறிக்கும் 'கோட்' என்ற சொல்லைச் சொன்னால், கேட்பவருக்கு ஆடு என்று விழக்கூடும். 'ஸ்கூல்', 'ஸ்பூன்' போல ஸகரத்தை அடுத்து வரும்போது இந்தக் காற்று தேவையில்லை. சொல்லின் கடைசியில் கதை வேறு. பைக்கும் முதுகுக்கும் உள்ள வேறுபாட்டைக் கடைசி மெய்யில் மட்டும் தேடுகிறோம்; அதற்கு முந்திய உயிரிலும் அது இருக்கிறது. பையில் உயிர் சற்று நீளும். முதுகில் சட்டென்று முடியும்.

'கப்பு', 'புக்கு' என்று கடைசியில் உகரம் சேர்ப்பது அடுத்த தவறு. வல்லின மெய்யில் சொல்லை முடிக்காத மொழி தமிழ். தொல்காப்பியம் சொல்லும் ஈற்று எழுத்துகளில் வல்லின மெய் ஒன்றுகூட இல்லை. நாக்கு அந்தப் பழக்கத்தில்தான் உகரத்தைக் கூட்டுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் அது ஓர் அசை கூடுதலாகி, பேச்சின் தாளத்தைக் குலைக்கிறது.

டகரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம் என்பேன். நாம் நாக்கை மடித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் நாக்கின் நுனி மேல்பல் ஈறில் படுகிறது. யாழ்ப்பாணத் தமிழில் 'ற்ற' ஏறக்குறைய அங்கேயே பிறப்பதால், அங்கே டிக்கெட்டை 'ரிக்கெற்' என்று எழுதும் வழக்கு உண்டு. மடித்துச் சொன்னாலும் பொருள் பெரும்பாலும் கெடுவதில்லை.

அழுத்தம் தவறினால் பொருள் கெடும். தமிழர்கள் எல்லா அசைகளையும் ஏறக்குறையச் சமமாக ஒலிக்கிறோம். ஆங்கிலத்தில் ஓர் அசை ஓங்கும், மற்றவை தேய்ந்து மங்கும். 'போட்டோகிராப்' என்பதில் முதல் அசையில் விழும் அழுத்தம், அதை எடுப்பவரைச் சொல்லும்போது இரண்டாம் அசைக்கும், 'போட்டோகிராபிக்' என்று நீளும்போது மூன்றாம் அசைக்கும் நகர்கிறது. எழுத்துக்கூட்டல் இதைக் காட்டாது. அகராதியில் சாய்கோடுகளுக்கு நடுவே இருக்கும் ஒலிக்குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1886-இல் பாரிஸில் மொழி ஆசிரியர்கள் தொடங்கிய அமைப்பு, ஓர் ஒலிக்கு ஒரு குறி என்ற நோக்கத்தோடு உருவாக்கியவை அவை. மேலே நிற்கும் சிறு கோட்டை அடுத்து வருவதே ஓங்கும் அசை.

வாக்கியத்துக்கு வருவோம். சொல் வரிசையைக் காட்ட மட்டும் இங்கே தமிழ் எழுத்தைப் பயன்படுத்துகிறேன். 'எங்கே போகிறீர்கள்?' என்பதில் 'எங்கே' வந்ததுமே அது கேள்வியாகிவிடுகிறது. அந்த நினைப்பில் 'வேர் யூ ஆர் கோயிங்?' என்கிறோம். ஆங்கிலத்தில் துணைவினை முன்னே நகர வேண்டும்: 'வேர் ஆர் யூ கோயிங்?' இதைக் கற்றவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். 'நீங்கள் எங்கே போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்' என்னும்போது அந்த நகர்வு கூடாது. 'ஐ நோ வேர் யூ ஆர் கோயிங்' என்பதே சரி.

'ஐந்து ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன்' என்பதில் தமிழுக்கு நிகழ்காலமே போதும். அதை அப்படியே மாற்றி 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்' என்பது மிகப் பரவலான பிழை. 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று சொல்ல வேண்டும். 'சின்ஸ்' தொடங்கிய புள்ளியைக் கேட்கும்: 'சின்ஸ் 2019'. நீடித்த காலத்துக்கு 'ஃபார்'. இவற்றை விதியாக மனப்பாடம் செய்வதைவிட, முழு வாக்கியமாகப் பலமுறை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் ஊரையும் நீங்கள் அங்கே வந்த ஆண்டையும் வைத்தே சொல்லுங்கள்.