தோலின் கூர்மையை வீட்டிலேயே அளப்பது எப்படி?

விரல் நுனியில் இரண்டு முனைகள் 4 மில்லிமீட்டர் இடைவெளியில் பட்டால் 'ரெண்டு' என்று உடனே தெரிந்துவிடும். அதையே முதுகில் வைத்தால் 'ஒண்ணுதான்' என்று அடித்துச் சொல்வோம். ஜெர்மானிய உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் 1834-லேயே இதை அளந்து எழுதினார். நரம்பைத் தைத்த பிறகு கையில் உணர்வு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்று பார்க்க, மருத்துவர்கள் இன்றும் இதே முறையைக் கையாளுகிறார்கள்.

தேவை: பெரிய பேப்பர் கிளிப், அளவுகோல், உப்புத்தாள், கூட ஒருவர்.

1. கிளிப்பை நிமிர்த்தி, 'ப' வடிவில் வளையுங்கள். இரு முனைகளும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். உப்புத்தாளில் தேய்த்து முனைகளை மழுக்குங்கள். கூராகக் குத்தினால் வலி நரம்புகள் விழித்துக்கொள்ளும். நாம் அளப்பது தொடுவுணர்வை மட்டும்தான்.

2. எதிரே இருப்பவர் கண்ணை மூடி, கையை மேசைமேல் தளர்வாக வைக்கட்டும்.

3. இடைவெளி 10 மி.மீ. சுட்டுவிரல் நுனியில், விரலின் நீளவாக்கில் வையுங்கள். தோல் லேசாகக் குழிந்தால் போதும்; ஒரு நொடியில் எடுத்துவிடுங்கள்.

4. பத்து முறை தொடுங்கள். நடுநடுவே ஒற்றை முனையாலும் தொடுங்கள், இல்லையென்றால் எல்லாவற்றுக்கும் 'ரெண்டு' என்றே பதில் வரும். எட்டு முறையாவது பதில் சரியாக இருந்தால் 1 மி.மீ. குறைத்து மறுபடி பத்து முறை. எட்டு கிடைத்த கடைசி இடைவெளிதான் அந்த இடத்தின் அளவு.

5. உள்ளங்கையில் 20 மி.மீ.யில் தொடங்குங்கள். முன்கை, முதுகு என்றால் 60-ல் தொடங்கி ஐந்தைந்தாகக் குறையுங்கள்.

பொதுவாக விரல் நுனியில் 2 முதல் 4 மி.மீ., உள்ளங்கையில் சுமார் 10, முதுகில் 40 அளவில் வரும்.

முதுகில் 10 மி.மீ. என்று வந்தால் நம்பாதீர்கள். பெரும்பாலும் ஒரு முனை முந்திப் பட்டிருக்கும். அந்த நேர வித்தியாசமே காட்டிக்கொடுத்துவிடும். கிளிப்பை இழுத்தாலும் இதே கதைதான். விரல் காய்த்துப்போனவர்களுக்கு அளவு கூடுதலாக வரலாம்.

ஒவ்வொரு தொடுநரம்பும் தோலில் ஒரு சிறு வட்டாரத்தைக் கவனிக்கிறது. விரல் நுனியில் அந்த வட்டாரங்கள் சில மில்லிமீட்டர்தான், நெருக்கமாகவும் இருக்கின்றன. முதுகில் அவை அகலமானவை. இரண்டு முனைகளும் ஒன்றுக்குள்ளேயே விழுந்தால் மூளைக்கு ஒரே சேதிதான் போகும். மூளையிலும் விரல்களுக்கு ஒதுக்கியிருக்கும் இடம் முதுகுக்கு உள்ளதைவிடப் பெரியது.

இரண்டு கைகளிலும் ஒரே விரலை அளந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் அளவு மிக அதிகமாகி, மரத்துப்போதலும் இருந்தால் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.