பிரெஞ்சு உப்பு வெண்ணெய்க் கேரமல் சாஸ்: எப்படிச் செய்வது, எதோடு சாப்பிடுவது

கேரமல் சாஸ் கையில் கிடைத்ததும் நிறைய பேர் அதை பிரவுனி மேலும் சாக்லேட் கேக் மேலும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ரெண்டு வாய்க்கு மேல் திகட்டுகிறது என்று பாட்டிலை ஃப்ரிட்ஜின் பின்வரிசைக்குத் தள்ளிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிரான்சின் உப்பு வெண்ணெய்க் கேரமலிலேயே இனிப்பு, லேசான கசப்பு, உப்பு மூன்றும் இருக்கின்றன. அதோடு சேரும் பண்டம் இனிப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இனிப்போடோ இருந்தால்தான் இந்த மூன்றும் நாக்கில் தனித்தனியாகத் தெரியும். தோசை போல மெல்லிசாக வார்க்கும் க்ரெப், பாலில் குழைய வேகவைத்த அரிசி, வெண்ணெயில் வதக்கிய புளிப்பு ஆப்பிள், இவைதான் இதற்குச் சரியான ஜோடி.

இதன் சொந்த ஊர் பிரான்சின் வடமேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டனி. அந்தக் காலத்தில் பிரான்சின் பெரும்பகுதியில் உப்புக்கு ‘கபெல்’ என்ற கடுமையான வரி இருந்தது. பிரிட்டனி 1532இல் பிரான்சோடு இணைந்தபோதும் அந்த வரியிலிருந்து விலக்குப் பெற்ற பகுதியாகவே இருந்தது, அதனால் அங்கே உப்பு மலிவு, வெண்ணெய் கெடாமலிருக்கத் தாராளமாக உப்புப் போட்டு வைத்தார்கள். 1790இல் புரட்சி அந்தப் பழைய வரியை ஒழித்த பிறகும் நாக்கு மாறவில்லை. இன்றும் பிரான்சின் மற்ற பகுதிகளில் உப்பில்லாத வெண்ணெய்தான் வழக்கம், பிரிட்டனி வீடுகளிலோ மேசைக்கு வருவது உப்பு வெண்ணெய். இந்தக் கேரமலை ஊர் தாண்டிப் புகழ்பெற வைத்தவர் கிபெரோன் என்ற கடற்கரை ஊரில் 1977இல் மிட்டாய்க் கடை போட்ட ஆன்ரி லெ ரூ. உப்பு வெண்ணெயும் பொடித்த கொட்டைகளும் சேர்த்து அவர் செய்த மென்மையான கேரமல் மிட்டாய்க்கு 1980இல் பாரிஸ் இனிப்புக் கண்காட்சியில் பிரான்சின் சிறந்த மிட்டாய் என்ற பரிசு கிடைத்தது. நாம் ஊற்றிச் சாப்பிடும் சாஸுக்கும் அதே சுவைதான் அடிப்படை.

சரி, செய்முறைக்கு வருவோம். சர்க்கரை 200 கிராம், கொழுப்பு 30 சதவீதத்துக்கு மேலுள்ள கிரீம் 200 மில்லி, உப்பு வெண்ணெய் 80 கிராம், அப்புறம் கடைசியில் சேர்க்க அரை டீஸ்பூனுக்கும் குறைவாகக் கடல் உப்பு. ஒரு நடுத்தர ஜாம் பாட்டில் நிறையும். பிரான்சில் ‘தெமி செல்’ என்று விற்கும் வெண்ணெயில் 0.5 முதல் 3 சதவீதம் வரை உப்பு இருக்கலாம், அதற்கு மேல் போனால்தான் ‘சலே’. எனவே வெண்ணெயைக் கொஞ்சம் நக்கிப் பார்த்துவிட்டுக் கடைசி உப்பின் அளவை முடிவு செய்யுங்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் மஞ்சள் டேபிள் பட்டரும் உப்புப் போட்டதுதான், அதிலேயே செய்யலாம். டப்பாவில் வரும் 25 சதவீத கிரீம்தான் கிடைக்கிறது என்றால் சாஸ் கொஞ்சம் நீர்த்து வரும், இரண்டு நிமிடம் கூடக் கொதிக்க விட்டால் சரியாகிவிடும். எசென்ஸ் எதுவும் வேண்டாம்.

கிரீமைச் சுடவைத்துப் பக்கத்தில் வையுங்கள். வெண்ணெயைத் துண்டுகளாக நறுக்கி ஃப்ரிட்ஜுக்கு வெளியே எடுத்து வையுங்கள். அடி கனமான, உயரமான பாத்திரம் வேண்டும், உள்பக்கம் வெளிர் நிறமாக இருந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் கறுப்பு நான்ஸ்டிக்கில் பாகின் நிறமே தெரியாது, இந்த வேலையே நிறத்தைப் பார்த்துச் செய்வதுதான். தண்ணீர் விடாமல், சர்க்கரையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் பாத்திரத்தில் பரப்பி நடுத்தர தீயில் வையுங்கள். முதலில் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அப்புறம் ஓரத்தில் சர்க்கரை ஈரமாகி, கண்ணாடி மாதிரி ஒரு கோடு விழும், அந்தக் கோடு உள்நோக்கி நகர ஆரம்பிக்கும். அப்போது கரண்டியைப் போட்டுக் கிளறாதீர்கள், பாத்திரத்தைப் பிடித்துச் சுழற்றினால் போதும். முதல் பங்கு உருகியதும் இரண்டாவது பங்கு, அது உருகியதும் மூன்றாவது.

எல்லாம் உருகிய பிறகுதான் முக்கியமான கட்டம். பாகு வெளிர் மஞ்சளிலிருந்து தேன் நிறத்துக்கு வரும்போது பயந்து அடுப்பை அணைத்துவிடுகிறார்கள், வெறும் இனிப்புச் சாஸ் கிடைப்பதற்குக் காரணமே இதுதான். இன்னும் போகட்டும். தேன் நிறம் செம்பு நிறமாகும், வாசனையும் வெல்லப்பாகு வாசனையிலிருந்து வறுத்த கொட்டை வாசனைக்கு மாறும், ஓரங்களில் சின்னச் சின்ன நுரை எழும், மேலே மெல்லிய புகை ஒன்று கிளம்பும். அந்த முதல் புகைதான் உங்களுக்கு மணி. தெர்மாமீட்டர் இருந்தால் ஏறக்குறைய 175 முதல் 180 டிகிரி. அந்த நொடியில் அடுப்பை அணைத்துவிடுங்கள், பாத்திரத்தின் சூட்டிலேயே நிறம் இன்னும் கொஞ்சம் ஏறும். புகை அடர்த்தியாகி நிறம் கறுத்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை, அதில் விலையுயர்ந்த வெண்ணெயைப் போட்டு வீணாக்காமல் கொட்டிவிட்டுத் திரும்ப ஆரம்பியுங்கள்.

அடுப்பு அணைந்த நிலையில் சூடான கிரீமை மூன்று தவணையாக ஊற்றுங்கள். சீறிக்கொண்டு பொங்கும், உயரமான பாத்திரம் கேட்டது இதற்காகத்தான். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகளை அடுப்படியில் நிறுத்தாதீர்கள், இந்தப் பாகு கையில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். கிரீம் சில்லென்று இருந்தால் பாகு கல்லாக இறுகிவிடும், அதனால்தான் அதைச் சுடவைக்கச் சொன்னேன். அப்படியும் கட்டி விழுந்தால் கவலை வேண்டாம், சிறு தீயில் வைத்துக் கிளறினால் கரைந்துவிடும். எல்லாம் கலந்ததும் மறுபடி சிறு தீயில் ஒன்றிரண்டு நிமிடம், 108 டிகிரி வரை கொதித்தால் ஊற்றும் பதம் வரும். இதைவிட அதிகம் கொதிக்கவிட்டால் ஆறியபின் மிட்டாயாக இறுகும்.

வெண்ணெய் எப்போது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு, சிலர் கிரீமுக்கு முன்னாலேயே போட்டுவிடுவார்கள். நான் கடைசியில்தான் போடுவேன். இறக்கிவைத்து ஐந்து நிமிடம் ஆறியபிறகு, துண்டு துண்டாகப் போட்டு விஸ்கால் அடித்தால் வெண்ணெயின் பால் வாசம் அப்படியே நிற்கும், சாஸும் பளபளவென்று வரும். எண்ணெய் பிரிந்தது போலத் தெரிந்தால் ஒரு ஸ்பூன் சூடான பால் விட்டு அடித்தால் சேர்ந்துவிடும்.

அப்புறம் உப்பு. பிரான்சின் மேற்குக் கடற்கரையிலுள்ள கெராந்த் உப்பளங்களில் கோடையில் வெயிலும் காற்றும் சரியாக அமையும் நாட்களில் பாத்தித் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடாகப் படியும் உப்பை வழித்து எடுக்கிறார்கள், அதுதான் ‘ஃப்ளேர் த செல்’. சாதாரணக் கடல் உப்பைவிடப் பலமடங்கு விலை. அதை முழுவதும் சாஸுக்குள் போட்டுக் கரைப்பது அநியாயம். சாஸுக்குள் சாதாரண கல் உப்பைப் பொடித்துப் போடுங்கள், ஃப்ளேர் த செல் இருந்தால் பரிமாறும்போது மேலே நாலைந்து கற்கண்டுத் துணுக்கு மாதிரி தூவுங்கள், பல்லில் நறுக்கென்று உடையும்போது தனியாகத் தெரியும். உப்பு போதுமா என்பதைச் சாஸ் ஆறியபிறகு பாருங்கள், சூட்டில் நாக்கு ஏமாற்றும்.

சாப்பிடுவதற்கு முதலிடம் க்ரெப்புக்கு. பிரிட்டனியின் க்ரெப் கடைகளில் உப்புச் சுவையோடு வரும் பண்டம் பக்வீட் என்ற தானியத்தின் மாவில் செய்த கலெத், முட்டை, சீஸ், ஹாம் எல்லாம் அதில்தான். அது முடிந்ததும் கோதுமை மாவு க்ரெப், அதன் மேல் இந்தச் சாஸ், பக்கத்தில் கிண்ணத்தில் ஆப்பிள் சைடர் என்ற லேசான மதுபானம். வீட்டில் செய்ய மைதா 250 கிராம், முட்டை 3, பால் அரை லிட்டர், ஒரு சிட்டிகை உப்பு, உருக்கிய வெண்ணெய் 30 கிராம் போதும், சர்க்கரை வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் மாவு ஊறட்டும். தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி மெல்லிசாக வார்த்து, ஒரு ஸ்பூன் சாஸ் விட்டு நாலாக மடித்து உடனே சாப்பிடுங்கள். ஒரு க்ரெப்புக்கு ஒரு ஸ்பூன், அதற்கு மேல் வேண்டாம்.

எனக்கு அதைவிடவும் பிடித்தது ‘ரீ ஓ லே’, பாலில் வெந்த அரிசி. 100 கிராம் குட்டை அரிசியை ஒரு லிட்டர் பாலில் வனிலாக் காயைக் கீறிப் போட்டுச் சிறு தீயில் முக்கால் மணி நேரம் வேகவிட்டு, சர்க்கரை 30 கிராம் மட்டும் சேர்த்து, நன்றாகக் குளிரவையுங்கள். சாப்பிடும்போது அதன் மேல் இளஞ்சூடான சாஸ். குளிர்ந்த சாதுவான அரிசியும் சூடான உப்புக் கசப்பும் ஒரே ஸ்பூனில் வரும்.

ஆப்பிள் என்றால் கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பானதை எடுத்து வெண்ணெயில் வதக்குங்கள். ஐஸ்கிரீம் என்றால் வெறும் வனிலா, கேரமல் ஐஸ்கிரீம் மேல் கேரமல் சாஸ் வேண்டாம். குயின் அமான் என்று பிரிட்டனியில் ஒரு கேக் இருக்கிறது, அதுவே வெண்ணெயும் சர்க்கரையும் அடுக்கடுக்காக வைத்துச் சுட்டது, அதன் மேலும் இதை ஊற்றுவது இரண்டையும் கெடுப்பது. சர்க்கரை போடாத கறுப்புக் காபியோடு அரை ஸ்பூன் சாஸைத் தனியாக நக்கிச் சாப்பிடுவதற்கு நிகர் எதுவுமில்லை.

பாட்டிலாக வாங்குகிறீர்களா, லேபிளைப் புரட்டிப் பாருங்கள். சர்க்கரை, கிரீம், உப்பு வெண்ணெய் இவை முன்வரிசையில் இருக்க வேண்டும். பாமாயிலும் செயற்கை மணமும் தெரிந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

வீட்டில் செய்ததைச் சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். எடுக்கும்போது இறுகியிருக்கும், பாட்டிலை வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் நிறுத்தினால் இளகிவிடும். சர்க்கரை பூத்து நரநரவென்று ஆகியிருந்தால் இரண்டு ஸ்பூன் தண்ணீர் விட்டுச் சிறு தீயில் கரையும்வரை வையுங்கள். அடியில் வழிக்க முடியாமல் ஒட்டியிருப்பதை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருக்காமல், வெதுவெதுப்பான பால் ஊற்றி மூடி குலுக்கிக் குடித்துவிடுங்கள்.