டர்பனில் பன்னி சௌ: மடியில் கொட்டாமல் சாப்பிட

பன்னி சௌ (bunny chow) என்பது தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் கிடைக்கும், குடைந்த ரொட்டிக்குள் குழம்பு ஊற்றிய சாப்பாடு. கடையில் "குவார்ட்டர் மட்டன்" என்றாலே போதும். துண்டு போடாத வெள்ளை ரொட்டியில் கால் பங்கைக் குடைந்து, ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். அரை ரொட்டி ஒரு ஆளுக்கு அதிகம். கறி சாப்பிடாதவர்கள் பீன்ஸ் (காயல்ல, ராஜ்மா போன்ற பயறு) குழம்பு கேட்கலாம், அதுவும் சோடை போகாது.

கரண்டி வேண்டாம், கைதான். குடைந்தெடுத்த ரொட்டித் துண்டு மேலே மூடியாக இருக்கும். முதலில் அதைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிடுங்கள். பிறகு ரொட்டியின் சுவரை மேலிருந்து பிய்த்து வாருங்கள். குழம்பு எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவுதான் சுவரும் இறங்க வேண்டும். அவசரப்பட்டு அடியில் கை வைத்தால் குழம்பு முழுக்க மடியில்தான். நடுநடுவே துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய் சம்பல்.

பொட்டலம் கட்டிப் போனால் அடி ஊறி நைந்துவிடும். கடையிலேயே முடித்துவிட்டு, கோல்டன் மைல் கடற்கரையில் காலாற நடங்கள்.