அந்தோணி என்றால் பூ என்று யார் சொன்னது?

பிள்ளைக்கு அந்தோணி என்று பெயர் வைத்துவிட்டு இணையத்தில் அர்த்தம் தேடினால் இரண்டு பதில்தான் திரும்பத் திரும்ப வரும்: 'பூ', இல்லாவிட்டால் 'விலைமதிப்பற்றவன்'. ஞானஸ்நான அழைப்பிதழில் அதை அச்சடிக்கக் கொடுத்திருந்தால் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள், ரெண்டும் தப்பு.

பூ கதை வந்த வழி சுவாரஸ்யமானது. கிரேக்கத்தில் 'அந்தோஸ்' என்றால் பூ. காதுக்குக் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கிறதே என்று மறுமலர்ச்சிக் காலத்துப் படிப்பாளிகள் முடிச்சுப் போட்டுவிட்டார்கள். ஆங்கிலத்தில் இந்தப் பெயரின் நடுவே ஓர் 'எச்' புகுந்தது அதனால்தான். லத்தீன் அந்தோனியுஸில் எச் கிடையாது, இத்தாலியரும் போர்த்துக்கீசியரும் இன்றைக்கும் எச் போடுவதில்லை. இதைவிடப் பலமான சாட்சி கிரேக்கர்களே. பூவை எழுதும்போது 'தீட்டா' எழுத்தைப் போடுகிறவர்கள், இந்தப் பெயரை எழுதும்போது 'டௌ' எழுத்தைத்தான் போட்டார்கள். தங்கள் ஊர்ப் பூ என்றால் அவர்களுக்குத் தெரியாமலா போகும்? அந்தோணியார் சுரூபத்தின் கையில் லீலி மலர் இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அது தூய்மைக்கு அடையாளம், அவ்வளவுதான்.

'விலைமதிப்பற்றவன்' என்பதற்கு இந்த அளவு கதைகூட இல்லை. அந்தப் பொருள் தரும் வேர்ச்சொல் எதுவும் லத்தீனில் இந்தப் பெயருக்குள் கிடையாது.

சரி, உண்மையான அர்த்தம்? அது ரோமாபுரியின் ஒரு பழைய குலப்பெயர், இத்தாலியின் பழைய மொழியான எத்ருஸ்கனிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு, அதற்குமேல் பொருள் யாருக்கும் பிடிபடவில்லை. இங்கேதான் அடுத்த தவறு, அதை ஆள்பெயர் என்று நினைப்பது. ரோமத் தளபதி மார்க் ஆண்டனி என்கிறோமே, அவருக்கு வைத்த பெயர் மார்க்குஸ். அந்தோனியுஸ் என்பது குலம். அந்தக் குலத்துப் பெண் என்றால் அந்தோனியாதான், அதனால் மனைவி ஒக்தாவியா மூலம் மார்க் ஆண்டனிக்குப் பிறந்த இரண்டு மகள்களுமே அந்தோனியா, மூத்தவள் இளையவள் என்றுதான் பிரித்துச் சொல்ல வேண்டும். ஹெர்குலிஸின் மகன் அந்தோன் வழி வந்தவர்கள் நாங்கள் என்று அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டதாகப் பழைய கிரேக்க எழுத்தாளர் புளுட்டார்க் எழுதி வைத்திருக்கிறார். நம்மூரில் சூரிய வம்சம், சந்திர வம்சம் என்பார்களே, அதே ரகம்.

அப்புறம் புனிதர் குழப்பம். ஜனவரி 17-இல் பிறந்த பிள்ளைக்குப் பெயர் வைத்துவிட்டு ஜூன் 13-இல் நாமவிழா கொண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜனவரிக்காரர் எகிப்துப் பாலைவனத்தில் தவம் இருந்து 356-இல் இறந்த வனத்து அந்தோணியார். ஜூன்காரர் நாம் கோடி அற்புதர் என்று செவ்வாய்க்கிழமை தேடிப் போகும் பதுவை அந்தோணியார். இவர் 1195-இல் லிஸ்பனில் பிறந்தபோது பெயரே பெர்னாண்டோ. 1220-இல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோது, சேர்ந்த மடம் வனத்து அந்தோணியார் பெயரில் இருந்ததால் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார். கச்சத்தீவுக் கோயிலில் இருப்பவர் இவர்தான்.

எழுத்துக்கும் வருவோம், பணம் செலவாகிற தவறு இதுதான். 1530-களில் முத்துக்குளித்துறைக்குப் போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பெயர் நாக்கு பல்லில் படும் 'த'வோடு வந்தது, அதனால் அந்தோணி. ஆங்கிலம் வழி வந்ததோ ஆண்டனி. ரெண்டும் சரி, ஆனால் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். என் அப்பா பெயர் ரேஷன் கார்டில் அந்தோணி, என் மதிப்பெண் சான்றிதழில் ஆண்டனி. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது ரெண்டும் ஒரே ஆள்தான் என்று அபிடவிட் எழுதி, நோட்டரியிடம் முத்திரை வாங்கி, மறுபடியும் வரிசையில் நின்றேன்.