ஐசியூல இருக்குற பச்சக்குழந்தையோட குடலை எப்படி கவனிக்கறது

பென்னாகரம், அரூர், ஊத்தங்கரை பக்கத்துல இருந்து குறைமாசக் குழந்தைய தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில சேர்த்துட்டு வெளிய உக்காந்திருக்குறவங்களுக்காக எழுதறேன். மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, பிபி இறங்கறதுன்னு வந்தா உடம்பு ரத்தத்த மொதல்ல மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பிடும், குடலுக்கு கம்மியாதான் போகும், அதனாலதான் டாக்டர் பால நிறுத்தி டிரிப்ஸ் போடறாங்க, பட்டினி போடறாங்கன்னு சண்டைக்கு போகாதீங்க.

அந்த நேரத்துல அம்மா செய்யவேண்டிய பெரிய வேலை ஒன்னு இருக்கு. குழந்தை குடிக்கலைன்னாலும் கைய நல்லா சோப்பு போட்டு கழுவிட்டு 2-3 மணி நேரத்துக்கு ஒரு தடவ, ராத்திரியிலயும்தான், பால பீச்சி நர்ஸ்கிட்ட உடனே குடுத்துடுங்க, நம்மூர் வெயில்ல வெளிய வெக்கவே கூடாது. சீம்பால ஒரு சொட்டு கூட கீழ ஊத்தாதீங்க. குடல் அழுகற நோய் தாய்ப்பால் குடிக்கற குழந்தைங்களுக்கு பவுடர் பால விட கம்மியாதான் வருது. ஆரம்பத்துல ட்யூப்ல 1 மில்லி, 2 மில்லின்னுதான் ஏத்துவாங்க, பொறுமையா இருங்கம்மா.

வயிறு உப்பி பளபளன்னு இருந்தா, பச்சையா வாந்தி எடுத்தா, மலத்துல ரத்தம் வந்தா, துவண்டுபோய் கெடந்தா அந்த நிமிஷமே நர்ஸ கூப்பிடுங்க. வீட்டுக்கு வந்தப்புறம்னா 108தான், காலைல பாத்துக்கலாம்னு இருக்காதீங்க. பாட்டி ஆசையா சொன்னாலும் சேனை, தேன், சர்க்கரைத்தண்ணி, வெளக்கெண்ணெய் எதுவும் வேணாம்.