ஸ்கிரீன் ரீடரோடு ஒத்துப்போகும் மீடியா பிளேயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மீடியா பிளேயர் என்றாலே எத்தனை ஃபார்மட் ஓடும், பார்க்க எப்படி இருக்கும் என்றுதான் பலரும் பேசுவார்கள். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் வைத்துக் கணினியை இயக்குகிறவருக்கு அதெல்லாம் அப்புறம். மவுஸைத் தொடாமல் வேலை நடக்கிறதா, நடப்பதைக் காதால் தெரிந்துகொள்ள முடிகிறதா, அதுதான் கேள்வி. இங்கே சொல்வது விண்டோஸும் இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ (NVDA) என்ற ஸ்கிரீன் ரீடரும் வைத்திருப்பவர்களுக்கு.

1. பிளேயரைத் திறந்து டேப் விசையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். பிளே, ஸ்டாப், ஒலியளவு என்று பெயர் சொல்லி வாசித்தால் சரி. வெறுமனே "பட்டன், பட்டன்" என்று மட்டும் வந்தால், அல்லது எதுவுமே பேசாவிட்டால், ஆல்ட் விசையை அழுத்தி மெனு வருகிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அந்த பிளேயரை விட்டுவிடலாம். ஸ்கின் போட்டு அழகுபடுத்தியவை பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும், ஏனென்றால் அந்தப் பொத்தான்கள் ஸ்கிரீன் ரீடருக்கு வெறும் படம்தான்.

2. ஒரு நீளமான ஒலிக்கோப்பைப் போட்டு, எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டறிய முடிகிறதா என்று சோதியுங்கள். நிறையப் பேர் மறந்துவிடுவது இதைத்தான். ஃபூபார்2000 (foobar2000) என்ற பிளேயர் இதில் கெட்டி: என்விடிஏவிலேயே அதற்கான ஆதரவு இருப்பதால் கன்ட்ரோல், ஷிஃப்ட், இ (E) சேர்த்து அழுத்தினால் ஓடிய நேரத்தையும், இ-க்குப் பதில் ஆர் (R) அழுத்தினால் மிச்ச நேரத்தையும் சொல்லிவிடும். குறுக்குவிசைகளையும் நம் இஷ்டத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். பாட்டுக்கும் ஒலிப்புத்தகத்துக்கும் என் ஓட்டு இதற்குத்தான்.

3. வீடியோவுக்கு விஎல்சி (VLC) பிளேயர் போதும். ஸ்பேஸ் தட்டினால் நிற்கும், மறுபடி தட்டினால் ஓடும். வலது இடது அம்புக்குறிகளை ஷிஃப்டோடு அழுத்தினால் 3 விநாடி, ஆல்ட்டோடு 10 விநாடி, கன்ட்ரோலோடு 1 நிமிடம் தாவும். ஓடும் நேரத்தைத் திரையில் காட்டுமே தவிர வாயைத் திறந்து சொல்லாது, அது ஒரு குறைதான். ஆனால் பிளேபேக் மெனுவில் குறிப்பிட்ட நேரத்துக்குத் தாவும் வசதி இருக்கிறது, எண்ணைத் தட்டி என்டர் கொடுத்தால் அங்கே போய்விடலாம்.

4. பாட்டுச் சத்தத்தில் ஸ்கிரீன் ரீடரின் குரல் அமுங்கிப்போகிறதா? என்விடிஏ அமைப்புகளில் ஆடியோ டக்கிங் என்று ஒன்று உண்டு. என்விடிஏ பேசும்போது மட்டும் மற்ற ஒலிகளைத் தாழ்த்திவிடும். கணினியில் நிறுவிய என்விடிஏவில்தான் இது வேலை செய்யும், பென்டிரைவில் கொண்டுபோகும் போர்ட்டபிளில் கிடையாது.

5. காட்சிகளை விவரிக்கும் தனி ஒலித்தடத்தோடு வரும் படம் கையில் இருந்தால், விஎல்சியின் ஆடியோ மெனுவில் ஆடியோ டிராக் பகுதிக்குப் போய் அதை மாற்றிக்கொள்ளுங்கள்.