தோல்வியே காணாத குத்துச்சண்டை வீரரை எடைபோடுவது எப்படி?

தருமபுரி பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடைகளில் குத்துச்சண்டைப் பேச்சு எழுந்தால், "ஒரு தோல்விகூட இல்லை" என்பதையே முடிந்த முடிவாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த வீரர் மோதியவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் போட்டி நடந்த நாளில் எதிராளிக்கு என்ன வயது, அதற்குமுன் அவர் யாரை வென்றிருந்தார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். 2015-இல் தோல்வியே காணாத அமெரிக்க வீரர் மேவெதரும் பிலிப்பைன்ஸ் வீரர் பாக்கியாவோவும் மோதியபோது முன்னவருக்கு 38 வயது, பின்னவருக்கு 36. ரசிகர்களோ அந்தப் போட்டியைப் பல ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தார்கள். முகமது அலியோ, 1971-இல் தம்மைத் தோற்கடித்த ஃபிரேசியருடன் மேலும் இருமுறை மோதியதோடு, அதே ஃபிரேசியரை இரண்டே சுற்றுகளில் வீழ்த்தியிருந்த ஃபோர்மேனையும் 1974-இல் கின்ஷாசாவில் எதிர்கொண்டார்.

அடுத்து, நடக்காத போட்டிகளைத் தேடுங்கள்; உண்மையில் சுவையான பகுதி அதுதான். 1992-இல் அப்போதைய உலகச் சாம்பியன் ரிடிக் போவ், தம்மோடு மோதக் காத்திருந்த லெனாக்ஸ் லூயிஸுடன் மோதாமல், தம் பட்டங்களுள் ஒன்றுக்கான இடுப்புப்பட்டையைக் குப்பைத்தொட்டியிலேயே போட்டார். ஆயினும் பழி முழுவதையும் வீரர் தலையில் கட்டிவிட வேண்டாம்: பணப் பங்கீடு, ஒளிபரப்பு உரிமை, அமைப்பாளர்களின் பகை ஆகியவற்றையும் பாருங்கள். 1920-களில் வெள்ளையரான சாம்பியன் ஜாக் டெம்ப்சியும் கறுப்பரான ஹாரி வில்ஸும் மோதாமலே போனதற்கு நிறபேதமே பெருங்காரணமாக இருந்தது.